பையன்கள் கற்பனை, பயணம் நிஜம்

அக்கா மகளுக்கு ஆறாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை விட்டிருந்தது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும், வெளியே தலைகாட்ட முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் நாள் பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை. இரண்டு அமெரிக்கப் பையன்களும் கூடவே ஒரு டாக்டரும் ரயிலேறி அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து சான் பிரான்சிஸ்கோ போகிறார்கள். அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பல். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இவங்க நெசமாவே போனாங்களா மாமா?"

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். பசிபிக் கடலில் நீராவிக் கப்பல் போன காலத்தை வகுப்பில் காட்ட ஒரு படம் தேடியபோதுதான் இந்தப் புத்தகம், பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தருகிற குட்டன்பெர்க் தளத்தில் கண்ணில் பட்டது. எழுதியவர் பெயர் தாமஸ் வாலஸ் நாக்ஸ். அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதே இல்லாத பெயர். நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகம் 1879இல் வெளியிட்ட 'தி பாய் டிராவலர்ஸ்' வரிசையின் முதல் தொகுதி அது, ஜப்பானும் சீனாவும். படத்தை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். முன்னுரை பிடித்துக்கொண்டது.

அவள் கேட்ட கேள்விக்கு அந்த முன்னுரையிலேயே பதில் இருந்தது. இந்தப் புத்தகத்தில் வரும் ஆட்கள் கற்பனை என்று நாக்ஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் அவர்கள் கண்ணில் பட்ட காட்சிகள், சந்தித்த மனிதர்கள், அவர்களுக்கு நேர்ந்த சம்பவங்கள் எல்லாம் உண்மை. போன வழி, பார்த்த ஊர், எழுதி வைத்த குறிப்பு என்று ஏறக்குறைய எல்லாமே சமீபத்தில் தான் அனுபவித்தவை என்கிறார். அவளிடம் சொன்னேன்: "பையன்க ரெண்டு பேரும் கற்பனை. பயணம் நெசம். இதை எழுதினவர் போயிட்டு வந்திருக்கார்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, படிங்க என்றாள்.

எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வரவில்லை. கதை எழுதுகிற ஒருவர், அதுவும் குழந்தைகளுக்கு எழுதுகிறவர், இது கற்பனை, இது நிஜம் என்று ஆரம்பத்திலேயே இவ்வளவு கறாராகக் கோடு போட்டுக் காட்டுவானேன்? இந்த மனிதர் யார் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தவற்றில் பயண எழுத்துக்கு முன்னால் ஒரு ராணுவ நீதிமன்றம் நின்றது.

நாக்ஸ் 1835இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெம்புரோக் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். பண்ணை வேலை, செருப்புத் தைக்கிற வேலை, அப்புறம் வாத்தியார் வேலை. 1860இல் தங்கம் கிடைக்கிறது என்று கொலராடோவுக்கு ஓடிய கூட்டத்தோடு இவரும் போனார். தங்கத்துக்குப் பதில் டென்வரில் பத்திரிகை வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடிக்க, நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகைக்குப் போர்முனைச் செய்தியாளர் ஆனார்.

1862 டிசம்பர் கடைசியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் நகரத்தைப் பிடிக்க வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் ஒரு தாக்குதல் நடத்தினார். நகரத்துக்கு வடக்கே சிக்கசா பாயூ என்ற சதுப்பு நிலம். மேட்டின் மேல் எதிரி, கீழே சேற்றில் இவர்கள். வடக்குப் படையில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என்று மொத்தம் 1,776 பேர். எதிர்த்தரப்பில் சேதம் அதைவிட மிகக் குறைவு.

ஷெர்மனுக்குப் பத்திரிகைக்காரர்கள் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் பத்திரிகைகள் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அச்சடித்திருந்தன. படைகளின் நடமாட்டத்தைப் பத்திரிகையில் போட்டால் எதிரி அதைப் படித்துத் தெரிந்துகொள்வான் என்பதும் அவர் வாதம். அதனால் இந்தப் படையெடுப்பில் பொதுமக்கள் யாரும் வரக் கூடாது, செய்தி எழுதக் கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். நாக்ஸ் அதை மீறித்தான் கப்பலேறினார். தோல்வியைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய கடிதத்தைத் தபாலிலேயே மறித்து எடுத்துவிட்டார்கள். இவருக்குக் கோபம். மேலே ஆற்றோடு இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ வரை போய், முன்பு எழுதியதைவிடக் காட்டமாக எழுதி அனுப்பினார். தாக்குதலை நடத்தத் தெரியவில்லை, காயம்பட்டவர்களைக் கவனிக்கவில்லை, ஷெர்மனின் புத்தி சரியாக இருக்கிறதா என்பது வரைக்கும் போனது அந்தச் செய்தி. 1863 ஜனவரி 18இல் ஹெரால்டில் வந்தது.

ஷெர்மன் அவரைக் கைது செய்யச் சொன்னார். ஒரு சிவிலியன் பத்திரிகையாளர் மேல் ராணுவ நீதிமன்ற விசாரணை. அமெரிக்க வரலாற்றில் இப்படி நிறுத்தப்பட்ட பத்திரிகையாளர் இவர் ஒருவர்தான் என்கிறார்கள். எதிரிக்குத் தகவல் கொடுத்தது, ஒற்று வேலை பார்த்தது, உத்தரவை மீறியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். ஒற்றன் என்று தீர்ப்பானால் தூக்குதான். அப்போது நாக்ஸுக்கு வயது 27.

பிடிபட்ட பிறகு ஷெர்மனிடம் அவர் சொன்னதாக ஒரு பேச்சு பதிவாகியிருக்கிறது. தளபதி அவர்களே, தனிப்பட்ட முறையில் எனக்கு உங்கள் மேல் எந்த விரோதமும் இல்லை, ஆனால் எங்கள் கூட்டத்துக்கு நீங்கள் பகைவர், எங்களைக் காப்பாற்றிக்கொள்ள உங்களை எழுதித் தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றாராம். இதைப் படித்தபோது எனக்குத் துணுக்கென்று இருந்தது. எழுதுகிறவன் ஒருவன் தன் வாயால் இப்படிச் சொல்லலாமா? பிப்ரவரி முதல் தேதி ஷெர்மனுக்கு நாக்ஸ் ஒரு கடிதமும் எழுதினார். மற்ற அறிக்கைகளைப் பார்த்த பிறகு தான் பல இடங்களில் தவறாக எழுதியிருப்பது தெரிகிறது, வருந்துகிறேன் என்று. தப்பு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ளும்போது செய்தி நாடெல்லாம் போய்விட்டது.

முதல் இரண்டு குற்றச்சாட்டும் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. படையின் எல்லையை விட்டு வெளியே போக வேண்டும், திரும்பி வந்தால் சிறை. மற்றப் பத்திரிகையாளர்கள் ஜனாதிபதி லிங்கனிடம் முறையிட்டார்கள். விசாரணைக்குத் தலைமை வகித்த அதிகாரியே இது பெரிய குற்றமில்லை என்று கருதுவதாக லிங்கனிடம் சொல்லப்பட்டது. மார்ச் 20ஆம் தேதி லிங்கன் தண்டனையை நீக்கிக் கடிதம் கொடுத்தார், ஆனால் ஷெர்மனுக்கு மேலே இருந்த தளபதி கிராண்ட் சம்மதித்தால் என்ற நிபந்தனையோடு. கிராண்ட், ஷெர்மன் சம்மதித்தால் என்றார். நாக்ஸ் ஷெர்மனுக்கு எழுதினார். ஷெர்மனின் பதிலை அமெரிக்கப் பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். கையில் வாளோ துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு எங்கள் சுகதுக்கத்தில் பங்குகொள்ள வா, வரவேற்கிறேன். உண்மைக்கும் பொய்க்கும் சிறு வித்தியாசம்தான் என்று நீயே சொல்கிற பத்திரிகையின் பிரதிநிதியாக வந்தால் என் பதில், ஒருபோதும் இல்லை.

நாக்ஸ் திரும்பிப் போகவில்லை.

இனி நான் சொல்வதற்குக் காகித ஆதாரம் எதுவும் கிடையாது, என் மனசு சொல்வதுதான். உண்மைக்கும் பொய்க்கும் சிறு வித்தியாசமே பார்க்கிற பத்திரிகையின் ஆள் என்று ஒரு தளபதி முகத்துக்கு நேரே எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கியவர், பதினாறு வருஷம் கழித்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுத உட்காரும்போது, முன்னுரையில் அந்தக் கோட்டைத்தான் முதலில் போடுகிறார். ஆட்கள் கற்பனை. பார்த்தது நிஜம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அவர் உலகத்தையே சுற்றினார். 1866இல் சைபீரியா. அப்போது வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் தந்திக் கம்பியால் இணைக்கத் தலைகீழாக ஒரு வழி பார்த்தது. அட்லாண்டிக் கடலடியில் போட்ட கேபிள்கள் அறுந்துகொண்டே இருந்ததால், கனடா மேற்குக் கரை, அலாஸ்கா, பேரிங் நீரிணை, சைபீரியா என்று உலகத்தின் மறுபக்கமாகக் கம்பி இழுக்கும் திட்டம். அந்தக் கூட்டத்தோடு நாக்ஸ் பசிபிக்கைக் கடந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கிற கம்சட்காவுக்குப் போனார். அதே வருஷம் ஜூலையில் அட்லாண்டிக் கேபிள் வெற்றியாகிவிட்டது. சைபீரியக் கம்பிக்கு வேலை இல்லாமல் போய், அடுத்த வருஷம் திட்டத்தையே கைவிட்டார்கள். நாக்ஸ் வந்த வழியே திரும்பவில்லை. அமூர் ஆற்றில் நீராவிப் படகில் மேலேறி, மங்கோலிய எல்லையில் சீனத் தேயிலை கைமாறுகிற கியாக்தா சந்தையைப் பார்த்து, பைகால் ஏரி, இர்குட்ஸ்க் தாண்டி, அங்கிருந்து பனிச்சறுக்கு வண்டியில் ஆயிரக்கணக்கான மைல் மேற்கே போய் ஐரோப்பிய ரஷ்யாவில் இறங்கினார். நிலையத்துக்கு நிலையம் குதிரை மாற்றி, ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடுகிற வண்டி அது. இதை 1870இல் பெரியவர்களுக்கான புத்தகமாக எழுதினார். 1886இல் இரண்டு பையன்களையும் ரஷ்யாவுக்கு அனுப்பி எழுதும்போது, அந்தக் குளிர் அவருக்குப் பழகிய குளிர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1875இல் அயர்லாந்தில் அமெரிக்க, ஐரிஷ் அணிகளுக்கு இடையே துப்பாக்கி சுடும் போட்டி. இலக்குப் பலகையில் ஒவ்வொரு குண்டும் சரியாக எந்த இடத்தில் பட்டது என்பதைத் தந்தி வழியாகவே நியூயார்க்குக்குத் தெரிவிக்க நாக்ஸ் ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வரைபடத்தைத் தந்தியில் அனுப்புகிற யோசனை. யார் ஜெயித்தார்கள் என்ற ஒரு வரி போதாது, குண்டு பட்ட இடமே அங்கே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு மனிதர் மெனக்கெட்டிருக்கிறார். பூகோள வாத்தியாருக்கு இதைவிட நெருக்கமான மனிதர் யார் இருக்க முடியும்?

1870களின் பின்பாதியில் மறுபடி ஒரு உலகச் சுற்று. அதில்தான் கிழக்கு நாடுகளைப் பார்த்தார். அதன் பலனாக வந்தவைதான் 'பாய் டிராவலர்ஸ்' தொகுதிகள். ஃபிராங்க் பாசெட், ஃபிரெட் பிரான்சன் என்று இரண்டு பையன்கள். ஃபிரெட்டின் உறவினர் டாக்டர் பிரான்சன். பையன்கள் கேட்பார்கள், டாக்டர் சொல்வார். பார்த்ததை வீட்டுக்குக் கடிதமாக எழுதுவார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வில்லன் இல்லை, புதையல் இல்லை. அப்படி இருந்தும் அக்கா மகள் விடவில்லை. யோகஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயில், ஃபியூஜி மலை ஏறுவது, பட்டு நூல் எடுப்பது, ஒசாகா நாணயச்சாலை, யாங்சி ஆற்றில் படகு, பெருஞ்சுவர் என்று ஊர் ஊராகப் போகிறது. நாணயச்சாலைக்குப் போனால் காசு எப்படி அடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் வெளியே வர வேண்டும். பையன்கள் கேட்கிற கேள்விகள் நிஜமான கேள்விகளாக இருப்பதுதான் அந்தப் புத்தகத்தை ஓட்டுகிறது என்று நினைக்கிறேன். வாத்தியாராக இருந்தவருக்குத்தான் குழந்தை எந்த இடத்தில் கையைத் தூக்கும் என்று தெரியும்.

படங்களும் ஒரு காரணம். பக்கத்துக்குப் பக்கம் மரச்செதுக்குப் படங்கள். பல படங்கள் ஹார்ப்பர் ஏற்கனவே வெளியிட்ட ஜப்பான், சீனப் புத்தகங்களில் இருந்து எடுத்தவை. அதையும் நாக்ஸ் மறைக்கவில்லை. எந்த எந்த ஆசிரியர்களின் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று முன்னுரையிலேயே பெயர் சொல்லி நன்றி சொல்கிறார். ஒரு தொகுதியின் விலை 3 டாலர். அன்றைய அமெரிக்கக் கூலித் தொழிலாளிக்கு இரண்டு மூன்று நாள் சம்பளம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் போன புத்தகங்கள் இவை. அந்த நாளில் இந்த வகைக்கு நல்ல கிராக்கி. 1850களில் ஜேக்கப் அபட் தன் ரோலோ என்ற பையனை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆரம்பித்து வைத்தார். நாக்ஸ் தொடங்கிய அதே 1879இல் ஹெசகாயா பட்டர்வொர்த்தும் தன் பயண வரிசையைத் தொடங்கினார். நாக்ஸின் பையன்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து), ஜாவா, இலங்கை, இந்தியா, எகிப்து, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ என்று 1890களின் நடு வரை ஓயாமல் சுற்றினார்கள். சயாம் மன்னர் சூலலாங்கார்ன் நாக்ஸுக்கு வெள்ளை யானை விருது கொடுத்துக் கௌரவித்தார். அமெரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை என்று அந்தக் கால வாழ்க்கைக் குறிப்புகளில் இருக்கிறது.

காங்கோ தொகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1880களின் கடைசியில் வந்தது. ஆப்பிரிக்காவுக்குள் பயணம் போன ஹென்றி ஸ்டான்லியின் பெரிய ஆப்பிரிக்கப் புத்தகத்தைச் சிறுவர்களுக்காகச் சுருக்கித் தந்தது அது. ஃபிராங்கும் ஃபிரெட்டும் காங்கோ ஆற்றில் போய்வந்ததாக எழுதியிருந்தால் எந்தக் குழந்தை கண்டுபிடிக்கப் போகிறது? ஆனால் ஸ்டான்லியோடு போகிற பயணம் என்று தலைப்பிலேயே பெயரைப் போட்டுவிட்டார். இந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இதை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அதே நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒருவரும் இருந்தார். ஃபேவல் லீ மார்ட்டிமர் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. 1802இல் பிறந்தவர், வசதியான குடும்பம், தீவிரமான பக்தி. குழந்தைகளுக்கான மதப் புத்தகங்களால் பெரும் புகழ் பெற்றவர். அவர் 1849இல் ஐரோப்பாவைப் பற்றியும், 1852இல் ஆசியா, ஆஸ்திரேலியா பற்றியும், 1854இல் ஆப்பிரிக்கா, அமெரிக்கா பற்றியும் குழந்தைகளுக்கு எழுதினார். இளம் வயதில் பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் வரை போய் வந்ததோடு சரி. மற்ற உலகமெல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. போகாமல் எழுதுவது குற்றமில்லை, நானே பாதி உலகத்தை அப்படித்தான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் அவர் ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் ஒரு குணத்தை ஒட்டிவிட்டுப் போகிறார். இந்த நாட்டுக்காரர் சோம்பேறி, அந்த நாட்டுக்காரர் கொடியவர், ஐரோப்பாவிலேயே கை வேலையில் போர்ச்சுகீசியரைப் போல் விகாரமானவர்கள் கிடையாது. பார்க்காத மனிதரைப் பற்றிக் குழந்தையிடம் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எப்படி மனசு வந்தது? அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பிற்பாடு அதிகாரிகளாகவும் பாதிரிகளாகவும் கப்பலேறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாக்ஸ் மட்டும் சுத்தமான மனிதர் என்று சொல்ல வரவில்லை. அவர் கண்ணாடியும் அந்தக் காலத்து வெள்ளைக்காரரின் கண்ணாடிதான். ஆசியாவுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் மேற்கு இருக்கிறது என்ற நினைப்பு டாக்டர் பிரான்சன் பேச்சில் அங்கங்கே வரும். அந்த இடங்களை நான் தாண்டிப் போகவில்லை, சொல்லிவிட்டு இது சரியில்லை என்றும் சொன்னேன். ஆனால் போய்ப் பார்த்தவர் என்பதால் அவர் எழுத்தில் மனிதர்கள் எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். பட்டு நூல் சுற்றுகிறார்கள், காசு அடிக்கிறார்கள், படகு வலிக்கிறார்கள். வேலை செய்கிற ஒரு மனிதனை ஒரே ஒரு குணத்துக்குள் அடைப்பது லேசில்லை.

முதல் தொகுதியில் ஷாங்காயிலிருந்து ஹாங்காங் போகிற வழியில் ஒரு அத்தியாயம், கூலி வியாபாரத்தைப் பற்றி. சீனத் தொழிலாளிகளை ஏமாற்றியும் கடத்தியும் சீனக் கரையில் போர்ச்சுகீசியர் கையில் இருந்த மக்காவு துறைமுகத்திலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் கப்பலில் ஏற்றி அனுப்பிய வியாபாரம் அது. மக்காவு துறைமுகத்தில் 1874இல்தான் போர்ச்சுகீசிய அரசு அதை நிறுத்தியது. அதாவது, நாக்ஸ் எழுதும்போது ஆறாத புண். ஆங்கிலப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நின்றேன். நம் 'கூலி'தான் அதற்கு வேர் என்று சிலர் சொல்கிறார்கள், வேறு வேர் சொல்கிறவர்களும் உண்டு. அக்கா மகளுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "கூலின்னா நம்ம கூலிதானே மாமா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டுக் கதைக்கே போக வேண்டியிருந்தது. என் தாத்தாவின் தகப்பனாருக்கு ஒரு அண்ணன். தாது வருஷப் பஞ்சத்தில் கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை என்று பாட்டி சொல்வாள். தாது வருஷம் என்றால் 1876. அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டது. நாக்ஸ் கிழக்கு நாடுகளைச் சுற்றிய காலமும் ஏறக்குறைய அதுதான். இலங்கை மலைகளில் அப்போது காப்பித் தோட்டங்கள். காப்பி இலையைத் தின்கிற துருநோய் 1869இலேயே தலைகாட்டியிருந்தாலும் தோட்டங்கள் இன்னும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867லேயே ரயில் வந்துவிட்டது. பெரிய கப்பல்கள் காலி துறைமுகத்தில் நின்று போய்க்கொண்டிருக்க, கொழும்பில் அலைதாங்கிச் சுவர் கட்டத் தொடங்கியிருந்தார்கள். வரிசையின் மூன்றாம் தொகுதி இலங்கையும் இந்தியாவும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குப் பையன்களைவிட அந்தப் பெரியப்பா தாத்தாதான் நினைவில் நின்றார். கையில் குறிப்பேட்டோடு ஒருவர் வந்திறங்கிய அதே தீவில், அதே சில வருஷங்களுக்குள், எழுதத் தெரியாத இன்னொருவர் மலையேறியிருக்கிறார். முன்னவர் கண்டதை இன்றைக்கு நான் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு படிக்கிறேன். பின்னவர் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை.

இதை அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவும் இல்லை.

நாக்ஸ் 1896 ஜனவரி 6ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். வயது 60. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். ஏன் மறந்துபோனார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை இரண்டு காரணம். அவர் கொடுத்ததெல்லாம் தகவல், தகவலுக்கு வயசாகும். ரயில் பாதை மாறும், ராஜா மாறுவார், புகைப்படம் அச்சாகத் தொடங்கியதும் மரச்செதுக்குப் படமும் பழசாகிவிடும். இன்னொன்று, அவர் கதையைக் கூட்டவில்லை. கடற்கொள்ளைக்காரனையும் புதையலையும் போட்டு எழுதியவர்களின் புத்தகம் நூறு வருஷம் தாண்டியும் அச்சில் இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவரின் புத்தகம் பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டது. இன்றைக்கு நாக்ஸ் பெயர் எங்கேயாவது அடிபடுகிறது என்றால் அது ஷெர்மன் வழக்கில்தான். 27 வயதில் கோபத்தில் எழுதிய ஒரு செய்திக்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அவர் அலைந்து பார்த்ததும், பிள்ளைகளுக்காகப் பொறுமையாக எழுதியதும் யார் கணக்கிலும் வரவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். முன்னுரையில் என்ன இருந்தது என்று மறுபடி கேட்டாள். வாசித்துக் காட்டினேன். ஏறக்குறைய எல்லாமே ஆசிரியர் அனுபவித்தவை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"ஏறக்குறையன்னா என்ன மாமா? அப்ப எல்லாம் இல்லையா?"

"எல்லாம் இல்லம்மா. கொஞ்சம் மத்தவங்ககிட்ட கேட்டது இருக்கும், படிச்சது இருக்கும்."

"எது எதுன்னு சொல்லலையே அவரு?"

அது உண்மைதான், ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை. அவள் போய்த் தன் பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்தாள். நடுப்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் கேட்டது. முதலிலிருந்து ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லச் சொன்னாள். பசிபிக் கடலில் வருகிற திமிங்கில வேட்டைக் கதை கப்பலில் ஒருவர் சொல்ல, பையன்கள் கேட்டது. அது அந்தப் பக்கம். டோக்கியோ ரயில் இந்தப் பக்கம். ஒசாகா நாணயச்சாலையை இந்தப் பக்கம் எழுதினாள். காசு அடிக்கிற எந்திரத்தை அவ்வளவு விவரமாகப் பார்க்காதவர் சொல்ல முடியாது என்பது அவள் தீர்ப்பு. சீனாவில் நடந்த தாய்பிங் கலகம் அந்தப் பக்கம், ஏனென்றால் அது நாக்ஸ் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். கூலி வியாபாரத்துக்கு வந்தபோது என்னைப் பார்த்தாள். கேட்டது என்றேன். எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழே, தானாகவே, பெரியப்பா தாத்தா என்று இன்னொரு வரி எழுதினாள், அதுவும் கேட்ட பக்கத்தில்.

பக்கம் தெரியாமல் மிஞ்சியிருப்பது ஜப்பானை விட்டுப் புறப்பட்டதும் வருகிற புயல். கப்பல் சூறாவளியில் மாட்டிக்கொள்கிறது. நேற்று அதை மறுபடி படித்து முடித்தோம். எந்தப் பக்கம் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டே, அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படிங்க மாமா என்றாள்.